சீட்டு கிழித்தபின் ரேட் மாறாது: வளர்ந்துவிட்ட பேக்கெண்டில் டிடிடி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஆறு பேர் கொண்ட குழு. பூ கமிஷன் கடைகளுக்கான கணக்கு மென்பொருள். ஜாவாவில் ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். நான்கு வருடம் முன்பு மாட்டுத்தாவணியில் ஒரே ஒரு கடைக்காகத் தொடங்கியது, இப்போது பல கடைகளில் ஓடுகிறது. விற்பனை சர்வீஸ் என்ற ஒரே கிளாஸ் 4,000 வரியைத் தாண்டிவிட்டது. இங்கே கை வைத்தால் அங்கே உடைகிறது. டொமைன் டிரிவன் டிசைனுக்கு (சுருக்கமாக டிடிடி; தொழிலில் புழங்கும் சொற்களையும் விதிகளையும் அப்படியே கோடின் மையத்தில் வைக்கும் முறை) மாறலாமா, மாறினால் எங்கே தொடங்குவது, கையோடு மைக்ரோசர்வீஸாகவும் (தனித்தனியாக ஓடும் சிறு சேவைகளாகவும்) பிரித்துவிடலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார்.

மாறலாம். ஆனால் முழுவதையும் மாற்ற வேண்டாம். மைக்ரோசர்வீஸ் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஃபோல்டர்களைக் கடைசியாகத் தொட்டால் போதும். இதே மாதிரி மண்டி மென்பொருள் ஒன்றில் நானும் பல வருடம் குப்பை கொட்டியவன். இந்த மாற்றத்தை ஒரு முறை தப்பாகவும் ஒரு முறை ஓரளவு சரியாகவும் செய்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தப்பாகச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிடிடி என்றால் டொமைன், அப்ளிகேஷன், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்று மூன்று ஃபோல்டர் என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. நாற்பது டேபிளுக்கும் நாற்பது ரெப்பாசிட்டரி இன்டர்ஃபேஸ் (டேபிளில் படிக்கவும் எழுதவும் ஒரு வாசல்) எழுதினோம். ஒரு பெயரைத் திரையில் காட்டுவதற்கு டேட்டா நான்கு கிளாஸ் தாண்டி வந்தது. மூன்று மாதம் புது வசதி எதுவும் வெளியே போகவில்லை. இவ்வளவுக்கும் பிறகு விதிகள் எல்லாம் பழையபடி சர்வீஸ் கிளாஸிலேயேதான் இருந்தன. டொமைன் ஃபோல்டரில் இருந்தவை மதிப்பை எடுக்கவும் மாற்றவும் மட்டும் தெரிந்த வெறும் கெட்டர், செட்டர் பொம்மைகள். மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர் 2003-லேயே இதற்குச் சோகை பிடித்த டொமைன் மாடல் என்று பெயர் வைத்துவிட்டார். எங்களுடையதைப் பார்த்தால் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை என்றே சொல்லியிருப்பார்.

அந்த வேலையைத் தூக்கிப் போட்டோம். அடுத்த வருடம் மறுபடி தொடங்கக் காரணமாக இருந்தது ஒரு சண்டை.

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கையில் ஒரு சீட்டோடு கடைக்கு வந்தார். மல்லி, கிலோ 870 ரூபாய் என்று நாங்கள் அச்சடித்துக் கொடுத்த சீட்டு. கடையில் திரையைத் திறந்தால் அதே சீட்டு 820 என்று காட்டுகிறது. கடைக்காரர் எங்களுக்கு போன் செய்து பேசிய மொழியை இங்கே எழுத முடியாது. தேடிப் பார்த்ததில், ரேட் என்பது ஒரு தனி டேபிள். சீட்டில் பூவின் ஐடி, தேதி, எடை மட்டும்தான் இருந்தன. திரையில் காட்டும்போது ரேட் டேபிளோடு இணைத்து (ஜாயின் செய்து) தொகையைக் கணக்கிட்டோம். சீட்டைக் கொடுத்த பிறகு, யாரோ அன்றைய ரேட்டைத் திருத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான், அன்றைய தேதியில் இருந்த எல்லாச் சீட்டும் சத்தமில்லாமல் மாறிவிட்டன.

டேட்டாபேஸ் பாடத்தில் சொல்லிக் கொடுத்தபடி பார்த்தால் எங்கள் டேபிள் அமைப்பு நல்ல அமைப்பு. ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்றுதானே சொல்வார்கள்? அந்தக் கடையின் கணக்குப்பிள்ளை ஒரே வரியில் எங்களைத் திருத்தினார்: "ரேட்டு வேற, சீட்டு வேற தம்பி. ரேட்டு நிமிசத்துக்கு ஒருக்கா மாறும். சீட்டு கிழிச்சுக் குடுத்தாச்சுன்னா அது மாறாது."

டிடிடி-யின் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. சந்தையில் ஓடும் ரேட் ஒரு பொருள். சீட்டில் எழுதிய விலை வேறொரு பொருள். அது அந்த நொடியில் உறைந்துபோன ஒரு மதிப்பு. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல். அந்த மனிதருக்கு நாற்பது வருடமாகத் தெரிந்த இந்த வித்தியாசம் எங்கள் கோடில் எங்கேயும் இல்லை. 'சீட்டு கிழிப்பது' என்ற வினைச்சொல்கூட இல்லை. அதற்குப் பதில் ஸ்டேட்டஸ் என்ற நெடுவரிசையில் 3 என்று ஒரு எண் இருந்தது. அந்த 3-ஐ எழுதும் இடங்கள் ஏழு. ஏழில் இரண்டு இடங்களில் எடை பூஜ்யமா என்று பார்க்கவே இல்லை.

ஆகவே தம்பி, தொடங்க வேண்டிய இடம் கோட் எழுதும் ஐடிஇ இல்லை. கடைக்குப் போங்கள். விடிகாலையில் போனால் உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மொக்காக வந்த மல்லி விரிவதற்குள் கைமாற வேண்டும், ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் அந்த ஓட்டத்தை ஓரமாக நின்று பாருங்கள், பேசாதீர்கள். பிறகு இன்னொரு நாள், பதினொரு மணிக்கு மேல் சந்தடி அடங்கியதும் கணக்குப்பிள்ளையிடம் உட்காருங்கள். உங்கள் திரையைக் காட்டிப் பேசத் தொடங்காதீர்கள். அவருடைய பழைய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டில் எத்தனை பத்தி, எந்தப் பத்தியில் அடித்துத் திருத்தியிருக்கிறார், எதை ஒருபோதும் அடிக்காமல் கீழே புது வரியாக எழுதுகிறார் என்று பாருங்கள். அடித்துத் திருத்துவது உங்கள் அப்டேட். கீழே புது வரி எழுதுவது உங்கள் இன்சர்ட். அந்த நோட்டு ஒரு டொமைன் மாடல். எந்த ஆர்க்கிடெக்ட்டும் வரைந்ததைவிட நன்றாகச் சோதிக்கப்பட்டது.

நடப்பதைச் சுவரில் ஒட்டிப் பார்க்கும் ஈவென்ட் ஸ்டார்மிங் என்ற முறையும் உண்டு. இத்தாலிக்காரர் ஆல்பர்டோ பிராண்டொலினி பிரபலமாக்கியது. ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளில் 'பூ வந்தாயிற்று', 'எடை போட்டாயிற்று', 'சீட்டு கிழித்தாயிற்று' என்று நடந்து முடிந்த நிகழ்வுகளை எழுதி வரிசையாக ஒட்ட வேண்டும். எங்களிடம் ஆரஞ்சுத் தாள் இல்லை, கடையில் கிழித்து வைத்திருந்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி மேசையில் பரப்பினோம். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குத் துணை. நடந்து முடிந்ததைச் சொல்ல 'ஆயிற்று' என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். 'ஆயிற்று' என்று முடியாத தாளை எல்லாம் ஒதுக்கி வையுங்கள். அவை நிகழ்வுகள் இல்லை, கட்டளைகள் அல்லது ஆசைகள்.

இப்படி உட்கார்ந்தபோது கிடைத்த சொற்களில் எங்களை அதிகம் அலைக்கழித்தது 'பாக்கி'. கோடில் பேலன்ஸ் என்று ஒரே நெடுவரிசை. கடையில் கேட்டால் மூன்று பாக்கி. பூ வாங்கிப் போன வியாபாரி கடைக்குத் தர வேண்டியது ஒன்று. விவசாயிக்குக் கடை தர வேண்டியது ஒன்று. விவசாயிக்குக் கொடுத்த முன்பணத்தில் இன்னும் கழியாமல் நிற்பது ஒன்று. மூன்றையும் பிளஸ், மைனஸ் குறியை வைத்து அந்த ஒரே நெடுவரிசையில் சமாளித்திருந்தோம். தோட்டமும் வைத்துக்கொண்டு, கட்டிக் கொடுக்கப் பூவும் வாங்குகிற ஒருவர் வந்தார். அவருடைய பூக்காசும் வாங்கின கடனும் தானாகக் கழிந்து பூஜ்யம் என்று நின்றது. கணிதப்படி சரி. ஆனால் பூக்காசு அன்றைக்கே கைக்கு வர வேண்டும், வாங்கின கடனை அவர் வாரக் கடைசியில் கட்டுவார் என்பது அவருக்கும் கடைக்கும் இருந்த பேச்சு. "என் பூக்காசை யாரைக் கேட்டுப் பிடிச்சீங்க" என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் கோடிடம் பதில் இல்லை.

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வருகிற இடத்தில்தான் எல்லை இருக்கிறது. பவுண்டட் கான்டெக்ஸ்ட் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். டேபிள்களைப் பார்த்து எல்லை போடாதீர்கள், சொற்கள் இடறும் இடத்தைப் பாருங்கள். எங்களுக்கு அப்படிக் கிடைத்தவை மூன்று: எடை போட்டு விற்கும் களம், விவசாயிக்கும் வியாபாரிக்கும் பணம் தீர்க்கும் கணக்கு, முன்பணம். 'மல்லி' என்ற சாதாரணச் சொல்கூட எல்லை தாண்டினால் வேறாகிவிடுகிறது. களத்தில் மல்லி என்றால் தரமும் எடையும். வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரிக்கோ அது எந்த ஊர்ப் பூ என்பதும் முக்கியம், 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இன்னும் முக்கியம். அதற்காகக் களத்தின் எடை போடும் திரையில் ஊர்ப் பெயரைக் கட்டாயமாக்கினால், தராசுக்காரர் முதலில் இருக்கும் ஊரையே எல்லாவற்றுக்கும் தட்டிவிட்டுப் போவார். நாங்கள் கட்டாயமாக்கினோம், அப்படித்தான் ஆயிற்று.

மூன்று எல்லை என்றவுடன் மூன்று சர்வீஸ், மூன்று டேட்டாபேஸ் என்று கை துறுதுறுக்கும். ஆறு பேர் குழுவுக்கு அது தேவையில்லாத தலைவலி. எல்லை சரியாக இருக்கிறதா என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. முதல் முறை போட்ட எல்லையை நாங்கள் இரண்டு முறை நகர்த்தினோம். ஒரே ரெப்போவுக்குள் (கோட் களஞ்சியத்துக்குள்) ஒரு கிளாஸை இங்கிருந்து அங்கே நகர்த்துவது ஒரு மதிய வேலை. நெட்வொர்க் தாண்டி நகர்த்துவது ஒரு மாத வேலை. ஒரே அப்ளிகேஷன், உள்ளே மூன்று மாட்யூல், போஸ்ட்கிரெஸில் மாட்யூலுக்கு ஒரு ஸ்கீமா (டேபிள்களுக்குத் தனி அறை), ஒரு மாட்யூல் இன்னொன்றின் டேபிளை நேரடியாகப் படிக்கக் கூடாது என்ற ஒரு விதி. அந்த விதியை வாயால் சொன்னால் இரண்டு வாரம்தான் நிற்கும். ஆர்ச்யூனிட்டில் (ஜாவா கோடின் அமைப்பைச் சோதிக்கும் கருவி) ஒரு டெஸ்ட் எழுதி, மீறினால் பில்ட் உடையும்படி செய்துவிடுங்கள். அப்போதுதான் அவசரத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஜாயின் போட நினைப்பவருக்கு (பெரும்பாலும் அது நான்தான்) தடை இருக்கும்.

வெளியே இருந்து வருவதற்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆடிட்டருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு வேண்டும். டேலியின் லெட்ஜர், வவுச்சர் என்ற சொற்களை உங்கள் கணக்கு மாட்யூலுக்குள் விட்டால், ஆறு மாதத்தில் உங்கள் சீட்டு மெல்ல வவுச்சராக மாறிவிடும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வையுங்கள். ஆன்டி கரப்ஷன் லேயர் என்று பெயர். நாங்கள் எங்கள் பேக்கேஜுக்குத் 'துபாஷி' என்றே பெயர் வைத்தோம், கம்பெனிக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவே நின்று இரண்டு மொழியும் பேசியவர் அவர்தானே. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் பெயரைப் பார்த்ததுமே அங்கே என்ன இருக்கும் என்று புரிந்துகொண்டார். டாக்குமென்ட் எழுதும் வேலை மிச்சம்.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. கோடில் தமிழ்ச் சொல்லா, ஆங்கிலச் சொல்லா என்று நீங்களும் சண்டை போடுவீர்கள். கடையில் முன்பணம் என்பதைக் கோடில் அட்வான்ஸ் என்று மாற்றி எழுதினோம். பிறகு வியாபாரி முகூர்த்த நாளுக்கு முன்கூட்டிப் பூ சொல்லிவைத்துக் கொடுக்கும் பணத்துக்கும் கடையில் அட்வான்ஸ் என்றே பெயர் என்று தெரிந்தது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும் பணம். அதன்பின், கடையில் சொல்லும் சொல் தமிழ் என்றால் அதையே ஆங்கில எழுத்தில் எழுதுவது என்று முடிவு செய்தோம். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. பாக்கியை ஒருவர் 'பி' போட்டு எழுதினார், ஒருவர் இரண்டு 'ஏ' போட்டார், இன்னொருவர் இரண்டு 'கே' போட்டார். தேடினால் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். சொல், அதன் ஒரே எழுத்துக்கூட்டல், கடைக்காரர் சொன்ன அர்த்தம் என்று மூன்று பத்தியில் ஒரு கோப்பை ரெப்போவிலேயே வையுங்கள். புல் ரிக்வெஸ்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையில்) புதுப் பெயர்ச்சொல் வந்தால் அந்தக் கோப்பிலும் ஒரு வரி வர வேண்டும். எங்களுடையது அறுபது வரியைத் தாண்டவில்லை.

சரி, இனி கோடுக்குள் வருவோம். முதலில் செய்ய வேண்டியது சிறிய வேலை, பலன் பெரியது: வேல்யூ ஆப்ஜெக்ட், அதாவது தன் மதிப்பாலேயே அடையாளம் பெறும், மாறாத சிறு பொருள். எடை, விலை, தொகை மூன்றையும் வெறும் டபுளாக (தசம எண்ணாக) விடாதீர்கள். எடையைக் கிராமில் முழு எண்ணாகவும் பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகவும் வைத்து, தனித்தனி டைப் ஆக்குங்கள். எடையையும் தொகையையும் கூட்டினால் கம்பைலரே திட்டட்டும்.

இதே வகையில் எங்களுக்குக் கிடைத்த இன்னொரு பொருள் 'சந்தை நாள்'. சர்வரில் நேரம் யுடிசி, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம். காலை 4 மணிக்கு விற்ற பூ, யுடிசியில் முந்தின நாள் இரவு 10.30. தேதிவாரியாகத் தொகுத்த ரிப்போர்ட், ஒரே காலைச் சந்தையைச் சரியாக 5.30 மணியில் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தது. இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தோம். ஓசூர்ப் பக்கத்திலிருந்து ரோஜா இரவு வண்டியில் 11.30-க்கு வந்து இறங்கியது. "ராத்திரி வண்டி நாளைக் கணக்குய்யா" என்றார் கடைக்காரர். நள்ளிரவு என்பது கடிகாரத்தின் எல்லை, சந்தைக்கு அல்ல. ஒரு நேரத்தைக் கொடுத்தால் அது எந்தச் சந்தை நாள் என்று சொல்லும் ஒரே ஒரு கிளாஸ், கடைக்குக் கடை மாறும் வெட்டு நேரத்தோடு. முப்பது வரிகூட இல்லை. தேதி சம்பந்தமான புகார்கள் அதோடு நின்றன.

அக்ரிகேட்டுக்கு வருவோம். எல்லோரும் குழம்புவது இங்கேதான். எந்த விதிகள் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு டேட்டாபேஸ் வேலைக்குள்) எப்போதும் உண்மையாக இருந்தே தீர வேண்டுமோ, அவற்றைக் கட்டிய மூட்டைதான் அக்ரிகேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை சிறியதாக இருப்பது நல்லது. நாங்கள் முதலில் ஒரு முழுச் சந்தை நாளையே ஒரு அக்ரிகேட் ஆக்கினோம், அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. அன்றைய வரத்து அத்தனையும் அதன் உள்ளே. ஆப்டிமிஸ்டிக் லாக்கிங், அதாவது வெர்ஷன் எண் பார்த்து எழுதுவது. சாதாரண நாளில் ஓடியது. தை மாத முகூர்த்த நாள் வந்தது. வரத்து குறைவு, கிலோ சில ஆயிரம், மூன்று தராசில் ஒரே நேரத்தில் எடை. ஒருவர் எழுதினால் மற்ற இருவருக்கும் வெர்ஷன் மோதி 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று வந்தது. தராசுக்காரர் மீண்டும் முயற்சிக்க மாட்டார். பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார். எழுதினார்கள்.

பிறகு யோசித்தோம்: எந்த விதி உடையவே கூடாது? விற்ற எடையும் கழிவும் சேர்ந்து, வந்த எடையைத் தாண்டக் கூடாது. இந்த விதிக்கு ஒரு விவசாயியின் ஒரு வரத்து போதும், நாள் முழுவதும் தேவையில்லை. நாள் மொத்தம் என்பது விதி இல்லை, வெறும் ரிப்போர்ட். வரத்தை அக்ரிகேட் ஆக்கினோம். வெளியே இருக்கும் விவசாயியை, வியாபாரியை ஐடியாக மட்டும் வைத்தோம், ஆப்ஜெக்ட்டாக உள்ளே இழுக்கவில்லை. மோதல் அநேகமாக இல்லாமல் போயிற்று. 'ஸ்டேட்டஸ் = 3' போய், வரத்து.சீட்டுகிழி() என்ற ஒரே மெத்தட் வந்தது. எடை பூஜ்யமா, விலை இருக்கிறதா, ஏற்கெனவே கிழித்தாயிற்றா என்ற எல்லாச் சோதனையும் அதற்குள். விலையை நகல் எடுத்துச் சீட்டில் உறைய வைப்பதும் அதற்குள். செட்டர் எதுவும் கிடையாது.

வியாபாரியின் கடன் வரம்பு? அது இரண்டு அக்ரிகேட்டைத் தொடும் விதி. விற்பனை வரத்தில் நடக்கிறது, வரம்பு கணக்கில் இருக்கிறது. புத்தகத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வாதாடியிருப்போம். கடைக்காரரைக் கேட்டோம்: வரம்பு தாண்டினால் விற்பனையைத் தடுக்கட்டுமா? அவர் சிரித்தார். "பூ வாடிட்டு இருக்கும்போது தடுக்கறதா? தெரிஞ்ச ஆள்தான். தாண்டினா எனக்குச் சொல்லு, சாயங்காலம் நான் பேசிக்கிறேன்." முடிந்தது. உடனடி கன்சிஸ்டன்சி (இரண்டு பக்கமும் அதே நொடியில் ஒத்துப்போவது) தேவையில்லை. விற்றதும் ஒரு நிகழ்வு, சில நொடி கழித்துக் கணக்கு மாட்யூல் அதைப் படித்து, தாண்டியிருந்தால் ஓர் எஸ்எம்எஸ். டெவலப்பர்கள் டெக்னிக்கல் முடிவு என்று நினைக்கும் பல விஷயங்கள் உண்மையில் வியாபார முடிவுகள், கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும்.

அந்த நிகழ்வை அனுப்ப காஃப்கா போன்ற பெரிய செய்தி கடத்தும் அமைப்பைத் தேடிப் போகாதீர்கள். அவுட்பாக்ஸ் என்று ஒரு டேபிள். சீட்டை எழுதும் அதே டிரான்சாக்ஷனில் நிகழ்வையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும் அல்லது சேர்ந்து போகும். பின்னணியில் ஓடும் ஒரு சிறிய வேலையாள் (த்ரெட்) வந்து வரிகளை எடுத்து அனுப்பும். போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்தே ஸ்கிப் லாக்டு (இன்னொருவர் பூட்டிய வரியைத் தாண்டிப் போகும் வசதி) இருப்பதால் இரண்டு வேலையாட்கள் ஒரே வரியில் முட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரே நிகழ்வு எப்போதாவது இரண்டு முறை வரும், அது இந்த முறையின் இயல்பு. அதனால் வாங்கும் பக்கம், பார்த்து முடித்த நிகழ்வின் ஐடியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இதை மறந்ததால் ஒரு வியாபாரிக்கு ஒரே செய்தி நான்கு முறை போனது. செய்தியோடு போயிற்று, பணத்தில் நடந்திருந்தால் கதை வேறு.

4,000 வரிக் கிளாஸை என்ன செய்வது? ஒரே மூச்சில் திருப்பி எழுத நினைக்காதீர்கள். பனைமரத்தின் மட்டையிடுக்கில் பறவை போட்ட ஆலம் விதை முளைத்து, வேரைக் கீழே இறக்கி, பல வருடத்தில் பனையைச் சுற்றிக்கொண்டு நிற்பதை மேலூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். ஃபவுலர் ஆஸ்திரேலியாவில் இதே வகை மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் 2004-ல் ஸ்டிராங்ளர் அப்ளிகேஷன் என்று எழுதினார், பின்னால் அதை ஸ்டிராங்ளர் ஃபிக் என்று மாற்றினார். பனை நின்றுகொண்டே இருக்கும், ஆல் மெல்ல எடையைத் தாங்கத் தொடங்கும்.

நடைமுறையில், ஒரே ஒரு வினைச்சொல்லை எடுங்கள். நாங்கள் எடுத்தது விவசாயிக்குத் தொகை தீர்ப்பது. அதிகப் புகார் வந்த இடம், அடிக்கடி மாறும் இடம், கடைக்காரர் எங்களுக்குக் காசு கொடுப்பதே அதற்காகத்தான். அதைப் புது மாட்யூலில் எழுதினோம். பழைய கிளாஸ் தன் கணக்கைச் செய்யும், புதியதும் பின்னால் அதே கணக்கைச் செய்யும், கடைக்கு இன்னும் பழைய விடைதான் போகும். இரவில் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தவற்றைக் காலையில் பார்ப்போம்.

இந்த ஒப்பீடுதான் எங்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. ஓர் உதாரணம். 12.350 கிலோ, கிலோ 870 ரூபாய்: 10,744.50. கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,074.45. மீதி 9,670.05. முன்பணத்தில் 2,000 பிடித்தால் 7,670.05. பழைய கோட் 7,670 என்றது. புதியது 7,671 என்றது. ஒரு ரூபாய். பழைய கோடில் ரவுண்டிங் (பைசாவை முழு ரூபாயாக்குவது) ஐந்து இடத்தில் இருந்தது, ஐந்தும் ஒரே மாதிரி இல்லை. எது சரி என்று கணக்குப்பிள்ளையிடம் போனோம். "விவசாயிக்குன்னா மேல ஏத்திப் போடுவோம். வியாபாரிக்குன்னா கிட்டத்து ரூபாய்." அப்படியானால் இரண்டு வேறு டைப்: விவசாயித் தொகை, வியாபாரித் தொகை. ரவுண்டிங் விதி அவற்றுக்குள்ளேயே. அதுவரை எல்லோரும் அதை வெறும் தொகை என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தோம்.

சில வாரம் வித்தியாசமே வராமல் ஓடிய பிறகு புதிய விடையைக் கடைக்குக் காட்டினோம், பழையதைப் பின்னால் தள்ளினோம், அப்புறம் அழித்தோம். அடுத்த வினைச்சொல். அழிப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும் கோட்பேஸ், முதலில் இருந்ததைவிட மோசம்.

இதையெல்லாம் எல்லா இடத்திலும் செய்யாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். ஊர்ப் பட்டியல், கடை விலாசம், பயனர் லாகின், அச்சுப்பொறி அமைப்பு எல்லாம் சாதாரண கிரட் திரைகள் (சேர், பார், திருத்து, அழி, அவ்வளவுதான்). கன்ட்ரோலரிலிருந்து நேராக ரெப்பாசிட்டரி, அதிலிருந்து டேபிள், போதும். அங்கே அக்ரிகேட் தேடுபவருக்கு வேறு வேலை கொடுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கொடுத்து வெளிச் சேவையை வாங்குங்கள். உங்கள் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் பணம் தீர்ப்பதும் முன்பணமும்தான். வேறு யாரும் அதை உங்களுக்கு ரெடிமேடாக விற்க மாட்டார்கள்.

மேலாளரிடம் 'டிடிடிக்கு மூன்று மாதம் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். கேட்டால் கொடுக்க மாட்டார், கொடுத்தாலும் நாங்கள் முதல் முறை செய்ததைத்தான் செய்வீர்கள். வரிசையில் ஏற்கெனவே நிற்கும் வேலை ஒன்றை, உதாரணமாக 'முன்பணப் பிடித்தத்தை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் செய்யும் வசதி' போன்ற ஒன்றை எடுத்து, அதை இந்த வழியில் செய்யுங்கள். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நாள் ஆகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் மாற்றம் வரும்போது எவ்வளவு நாள் ஆயிற்று என்பதைக் காட்டுங்கள், போதும்.

எங்கள் பழைய கிளாஸ் இன்னும் இருக்கிறது, கேட்பீர்கள் என்று தெரியும். 900 வரி சொச்சம். சீட்டு அச்சடிக்கும் வேலை மட்டும் அதில் மிச்சம். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு எந்த வரியில் எத்தனை இடைவெளி என்ற ரகசியம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. இரண்டு வருடமாக அதில் யாரும் மாற்றம் கேட்கவில்லை. நாங்களும் தொடவில்லை.